சூசையப்பருக்கு வசனம் இல்லை

என் அப்பா கம்பாசிட்டர். புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஒரே ஒரு டிரெடில் மிஷினும் நாலைந்து எழுத்துக் கேஸும் இருந்த அச்சகத்தில் முப்பது வருஷம் நின்றபடியே எழுத்துக் கோத்தவர். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், திருவிழா நோட்டீஸ், நினைவஞ்சலி அட்டை என்று ஊர்க்காரர்களின் நல்லதும் கெட்டதும் அவர் விரல் வழியாகத்தான் போயின. ஈயம் ஏறி நகக்கண் எப்போதும் கறுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பும்முன் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். போகாது. நான் சிறுவனாக இருந்தபோது நன்மையை, அதாவது நற்கருணை அப்பத்தை, நாக்கில்தான் வாங்குவார்கள், கையை நீட்டும் வழக்கம் வரவில்லை. அதில் அப்பாவுக்கு ஒரு நிம்மதி.

நான் கோயில் பாட்டு எழுதுகிறவன். சம்பளம் வாங்கியது அரசாங்க அலுவலகத்தில். எழுதியதெல்லாம் பங்குப் பாடற்குழுவுக்கும் திருவிழா நாடகங்களுக்கும். இப்போது கீபோர்டும் கைப்பேசியுமாக என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கிள், இது ஆண்டவர் கொடுத்ததா, நானா நினைச்சுக்கிட்டதான்னு எப்படித் தெரியும்?" எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தச்சுப் பட்டறைப் பையனும் என் அப்பாவும் சொல்லிக்கொடுத்தது. அதைச் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எழுதிவிட்டால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு உருளையன்பேட்டைப் பக்கம். ரயிலடிக்கு எதிரே இருக்கிற திருஇருதய ஆண்டவர் கோயில் மணி காற்றடித்தால் கேட்கும். 1907-இல் திறந்த கோயில். பசிலிக்கா என்ற பட்டமெல்லாம் 2011-இல்தான் வந்தது. பெரிய திருநாள்களுக்கு மட்டும் சம்பா கோயில். மாசற்ற கன்னிமரியாளுக்கு நேர்ந்த பேராலயம் அது. சேசு சபையார் இங்கே வைத்த சின்னப்பர் பெயர், சான் பவுலோ, எங்கள் வாயில் சம்பாவாகிவிட்டது. கடலோரத்தில் தேவதூதர்களின் அன்னை கோயில் எங்களுக்குக் கப்ஸ் கோயில். கப்புச்சின் சாமியார்கள் கட்டியாண்டதால். சொல்தா வீட்டுக்காரர்கள் அங்கே பிரெஞ்சுப் பூசைக்குப் போவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர் சொல்தா. நாங்கள் அந்தப் பணக்கார வகையில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தபோது எனக்கு ஆறு வயது. அதுவரை பூசை லத்தீனில். ஆசீருக்கு முன் பாடுகிற 'தாந்தும் எர்கோ'வை அம்மா கடைசிவரை 'தந்தோம் எர்கோ' என்றே பாடினாள். "எதைத் தந்தோம்மா?" என்றால், "இருக்கிறதைத் தந்தோம், சும்மா இரு" என்பாள். பூசை தமிழுக்கு மாறியதும் பாட்டுக்குப் பெரிய பஞ்சம். வருகைக்கு, காணிக்கைக்கு, நன்மைக்கு, முடிவுக்கு என்று ஒரு பூசைக்கே நாலைந்து பாட்டு வேண்டும். ஹார்மோனியம் தெரிந்தவன், யாப்பில் அரை அறிவு உள்ளவன், யாராக இருந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நான் உட்கார்ந்தது அந்த வரிசையில்தான். அழைப்பு வந்தது என்று பிற்பாடு மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆள் இல்லாமல் பிடித்துப் போட்டார்கள் என்பதுதான் நடந்தது. அதுவும் அழைப்பாக இருக்கலாம்.

இருபத்திரண்டு வயதில் ஒரு நன்மைப் பாட்டு எழுதினேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஒரே மூச்சில் வந்த பாட்டு. அடித்தல் திருத்தல் இல்லை. அம்மா மளிகைக் கணக்கின் தலையில்கூட 'சே.ம.சூ.' என்று போடுவாள். சேசு, மரி, சூசை. நானும் அப்படியே போட்டு எழுதியிருந்தேன். பாக் என்கிற ஜெர்மன் இசைமேதை தன் இசைத்தாளின் தலையில் 'இயேசுவே உதவும்' என்பதன் முதலெழுத்துகளையும் அடியில் 'கடவுளுக்கே மகிமை' என்பதன் முதலெழுத்துகளையும் குறிப்பார் என்று பின்னால் படித்தபோது அம்மாவின் கணக்கு நோட்டுத்தான் ஞாபகம் வந்தது.

பாட்டை அப்பாவிடம் காட்டி, "இது நான் எழுதலைப்பா, ஆண்டவர் கொடுத்தாரு" என்றேன். அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ஆண்டவரே கொடுத்தாலும் புரூஃப் பாக்கணுமில்ல?"

'போற்றி பாடுவேன்' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, ஒற்றுத்தானே. அடுத்து இரண்டாவது சரணத்தில் பென்சில் நின்றது. "முதல் அடியில ஆயன் ஆட்டைத் தேடுறான். மூணாவது அடியில ஆடு ஆயனைத் தேடுது. ரெண்டு பேரும் அலைஞ்சிக்கினு இருந்தா எப்படிடா பாத்துக்குவாங்க? ஒருத்தராவது ஓரிடத்துல நிக்க வாணாம்?"

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எனக்குக் கிடைத்த வெளிப்பாட்டில் பென்சில் வைத்துவிட்டார் என்று ஆத்திரம். இன்று யோசித்தால், அந்த ஆத்திரத்திலேயே விஷயம் இருக்கிறது. ஆண்டவர் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க முடியாது. 'இது நன்றாக இல்லை' என்றால் ஆண்டவரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். தாழ்மை போலத் தோன்றும் அந்த வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய கேடயம்! எத்தனையோ பாட்டுப் புத்தகங்களின் முன்னுரையில் அந்தக் கேடயத்தைப் பார்த்திருக்கிறேன். என் முன்னுரை இரண்டிலும் அது இருக்கிறது.

அப்பாவைச் சமாதானப்படுத்த, அவர் தொழிலையே வைத்து அடுத்த பாட்டு எழுதினேன். அச்செழுத்து தலைகீழாக, இடவலம் மாறி இருக்கும். கோக்கிறபோது ஒன்றும் புரியாது. தாளில் பதிந்த பிறகுதான் வாசகம் தெரியும். நம் வாழ்வும் அப்படித்தான், இறைவன் கோக்கிறார், நமக்குத் தலைகீழாகத் தெரிகிறது. நல்ல கற்பனை என்றுதான் நினைத்தேன். பாடற்குழுவில் ஒரு சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா சிரித்தார்.

"கம்பாசிட்டருக்கு அது தலைகீழா தெரியும்னு எவன் சொன்னான்? எனக்கு நேராத்தாண்டா தெரியும். முதல் ஆறு மாசம் தெரியலை. அப்புறம் தானா தெரிஞ்சுது. தாள்ல இருக்கிறதைப் படிக்கத்தான் இப்ப எனக்குக் கண்ணாடி வேணும்."

அந்தப் பாட்டை எரித்துவிட்டேன் என்று சொல்ல ஆசை. இல்லை, இன்னும் இரண்டு மூன்று பங்குகளில் பாடுகிறார்கள்.

1983 தவக்காலம். மார்ச் 19 சூசையப்பர் திருநாள் சனிக்கிழமையில் வந்தது. தவக்காலத்தின் நடுவில் பூப்போடலாம், பலகாரம் செய்யலாம் என்று விலக்குத் தருகிற திருநாள். அன்று மாலை கோயில் முற்றத்தில் சூசையப்பர் நாடகம் போடலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். கதை, வசனம், பாட்டு எல்லாம் நான். அவர் சொன்னது பிப்ரவரி 16, திருநீற்றுப் புதனன்று. ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது.

எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. நான்கு சுவிசேஷங்களிலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏரோது பேசுகிறான், இடையர்கள் பேசுகிறார்கள், பேய் பிடித்தவன் பேசுகிறான். குடும்பத் தலைவர் பேசவில்லை. மத்தேயுவில் அவருக்கு நான்கு முறை கனவு வருகிறது, எழுந்து சொன்னதைச் செய்கிறார், அவ்வளவே. மூன்று மணிநேர நாடகத்துக்குப் பேசாத கதாநாயகன்.

ஆண்டவரிடம் வழி கேட்டேன். நான் அப்போது கேட்ட முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைப்பது. முதல் தடவை லேவியராகமம் 13-ஆம் அதிகாரம் வந்தது, தோலில் வரும் தடிப்பும் வெள்ளைப் படையும். இன்னொரு தடவை வைத்தேன். மறுபடி லேவியராகமம். அந்த வேதாகமத்தின் தையல் அந்த இடத்தில் விட்டிருந்தது, எப்படித் திறந்தாலும் அங்கேதான் திறக்கும் என்பதை அம்மா பிறகு சொன்னாள்.

சரி, முன்னோடியைப் பார்ப்போம் என்று ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய்த் தேம்பாவணியை எடுத்து வந்தேன். வீரமாமுனிவர் சூசையப்பரை வளன் என்று தமிழாக்கி, மூன்று காண்டம், 36 படலம், 3615 பாட்டில் பாடிவைத்தது. சுவிசேஷத்தில் ஒரு சொல்கூட இல்லாத மனிதருக்கு 3615 விருத்தம்! எனக்கு முதலில் தைரியம் வந்தது, பத்துப் பாட்டுப் படித்ததும் போய்விட்டது. அகராதியை வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்த அப்பா, புத்தகத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "இது முதல்ல அச்சானது நம்ம ஊர்லதான், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பழைய கம்பாசிட்டர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த பெருமை அது. பிறகு தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். வீரமாமுனிவர், அதாவது பெஸ்கி என்கிற இத்தாலியச் சேசு சபைக் குரு, தேம்பாவணியை முடித்தது 1726-இல். இறந்தது 1747-இல். 1773-இல் சேசு சபையையே போப்பாண்டவர் கலைத்துவிட்டார். புதுச்சேரியை மையமாகக் கொண்ட கர்நாடக மிஷன் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபைக்காரர்கள் கைக்கு வந்தது. அதாவது காவியத்தைப் பாடியவரும் இல்லை, அவரைச் சேர்ந்த சபையும் இல்லை. ஓலையிலும் காகிதத்திலும் படியெடுத்துப் படியெடுத்து உயிர் பிழைத்த நூல், 1840-இல் இங்கே மிஷன் அச்சகம் ஏற்பட்டபின், 1851-இல் தொடங்கி மூன்று பாகங்களாக அச்சில் வந்தது. எழுதியதற்கும் அச்சானதற்கும் நடுவில் 125 வருஷம்.

அந்த அச்சகத்தை நடத்தியவர் லூயி சவினியன் துப்புயி என்ற பிரெஞ்சுச் சாமியார். 1832-இல் புதுச்சேரி வந்தவர். மூசே சாமியாரோடு சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி செய்தார். 1844-இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கவென்று தமிழ்ப் பெண்களையே கொண்டு ஒரு கன்னியர் சபை தொடங்கினார்; அது இன்றும் இருக்கிறது. காவியம் பாடியவர் அல்லர். ஆனால் இன்னொரு சபைக்காரர், இன்னொரு நாட்டுக்காரர் பாடிய காவியத்துக்கு ஈயம் வாங்கிக் கொடுத்தவர். தெய்வ வழிகாட்டல் என்று நான் பேசும்போதெல்லாம் எழுதுகிறவனின் அறையை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 125 வருஷம் கழித்து எழுத்துக் கோத்த, பெயர் தெரியாத கம்பாசிட்டர்களை நினைத்ததில்லை. அவர்களில் எத்தனை பேர் ஈய விரலோடு நன்மை வாங்கக் கூசியிருப்பார்கள்!

அப்பாவுக்கு வீரமாமுனிவரிடம் தொழில்முறைப் பாசமும் உண்டு. பழைய ஏட்டில் எ, ஒ என்னும் குறில்களுக்கு மேலே புள்ளி வைத்துத்தான் நெடிலிலிருந்து பிரிப்பார்களாம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று வைக்காமலே விடுவார்களாம். செய் எது, சேய் எது என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நெடிலுக்கென்று தனி வடிவத்தை, மேலே சுழித்த கொம்பைக் கொடுத்தவர் வீரமாமுனிவர். அப்பா கேஸிலிருந்து அந்தக் கொம்பை எடுத்துக் காட்டினார். "இதுக்குன்னு தனி அறை. தேம்பாவணிங்கிற பேருக்கே முதல்ல இதைத்தான் எடுக்கணும். சேசுன்னு கோக்கவும் இதுதான்." ஒரு சின்ன ஈயத்துண்டு. அன்று இரவு எனக்கு எழுத வந்துவிட்டது.

வந்தது என்ன? பதினான்கு பக்கம் தனிவசனம். எங்கள் தலைமுறை வசனம் என்றால் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சிதான். சூசையப்பர் சிவாஜி கணேசனைப் போலக் கடவுளைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார். எழுதி முடித்து முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். இது ஆண்டவர் கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சூசையாக நடிக்க ஒரு பையனைப் பிடித்தோம். முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை. இருபது வயதிருக்கும். தச்சனுக்குத் தச்சன் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நெட்டுரு அவனுக்கு வராது என்று நினைத்தேன். பகலெல்லாம் இழைப்புளி தள்ளிக்கொண்டே பதினான்கு பக்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டான். 'ழ' கூடத் தப்பாது. ஒத்திகையில் அவன் பேசும்போது சம்மனசு வேஷக்காரச் சிறுவர்கள் சிறகைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பார்கள். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. முன்கூட்டியே அந்தச் சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அவன் தொண்டை கட்டியது. கஷாயம், மிளகு, தூதுவளை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை அவன் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. வேறு ஆளுக்குப் பதினான்கு பக்கம் ஒரு பகலில் ஏறாது. சாமியார் என்னைப் பார்த்தார். நான் வசனத்தை எல்லாம் அடித்தேன். சூசை பேசமாட்டார். மரத்தை இழைப்பார். சம்மனசு சொல்வதைக் கேட்பார். எழுந்து போவார். மற்றவர்கள் பேசட்டும்.

நாடகம் நடந்தது. எகிப்துக்கு ஓடும் காட்சிக்கு முன், மேடையில் அவன் ஒரு பலகையை இழைக்கிற ஓசை மட்டும் இரண்டு நிமிஷம். முற்றத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த மௌனத்தை நான் எழுதியிருக்கவே முடியாது. முடிந்ததும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "என்ன கற்பனைய்யா!" என்றார் ஒரு தமிழாசிரியர். வேதத்தில் பேசாதவரை மேடையிலும் பேசவிடாமல் வைத்த நுட்பம் என்றார். நான் தலைகுனிந்து, "எல்லாம் ஆண்டவர் நடத்தினது. கடைசி நிமிஷத்துல பையனுக்குத் தொண்டை கட்டவெச்சு, என் வசனத்தையெல்லாம் எடுத்துட்டாரு" என்றேன். நல்ல சாட்சி. சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது.

பையன் பின்னால் நின்றிருந்தான். தாடி இன்னும் எடுக்கவில்லை. மறுவாரம் குரல் திரும்பியபின் என்னைத் தேடி வந்தான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு வழி காட்ட ஆண்டவர் என் தொண்டையைத்தான் கட்டணுமா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கம்மா முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. 'ஊரெல்லாம் பேசுது, எம்புள்ளைக்கு மட்டும் ஏன் பேச்சே இல்ல'ன்னு கேட்டுக்கினே இருக்காங்க. நான் அத்தனையும் நெட்டுருப் போட்டேன்ணா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. நாடகம் நன்றாக வந்தது உண்மை. பேச்சில்லாததால்தான் நன்றாக வந்தது என்பதும் உண்மை. ஆனால் அதை ஆண்டவரின் கையெழுத்து என்று நான் அறிவித்தபோது, ஒருவனுடைய இழப்பை என் பாராட்டுக்கு விளக்கமாக்கிவிட்டேன். சூசையப்பர் எகிப்துக்குத் தப்பிய பின்தான் பெத்லகேமில் மற்றக் குழந்தைகள் வெட்டுப்பட்டார்கள். மத்தேயு இரண்டையும் அடுத்தடுத்து எழுதுகிறார். தப்பியதை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை.

அந்த ஆண்டு கடைசியில் மூன்று நாள் தியானத்துக்குப் போனேன். நடத்தியவர் வயதான ஒரு சேசு சபைச் சாமியார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லி, வழிகாட்டலை எப்படி அறிவது என்று கேட்டேன். இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கே விதிகள் இருக்கின்றன என்று எடுத்து விளக்கினார். 1548-இல் அச்சான சிறு நூல். பக்தி நூல் என்பதைவிட வேலைக்காரனின் கைப்புத்தகம் போல இருக்கும். வறட்சியான நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது ஒரு விதி. ஒரு நினைப்பின் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் நன்றா என்று பார் என்பது இன்னொன்று. என்னைக் குத்தியது வேறொன்று. இறைவனே நேராக ஆறுதல் தருகிற கணம் ஒன்று உண்டு, அதில் ஏமாற்று இல்லை. ஆனால் அந்தக் கணம் போனபின் உள்ளே ஒரு சூடு மிஞ்சியிருக்கும், அந்தச் சூட்டில் நாமே நம்முடைய யோசனைகளையும் திட்டங்களையும் செய்து, அவையும் அவர் தந்தவை என்று நினைத்துக்கொள்வோம். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார், அலசாமல் நம்பாதே.

எனக்கு அப்பாவின் பென்சில் ஞாபகம் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு என்னை எழுப்பியது எதுவோ, அது பொய்யில்லை. ஆயனும் ஆடும் ஒருவரையொருவர் தேடி அலைந்தது என் சரக்கு. பதினான்கு பக்கத்தை எழுதவைத்தது அந்த ஈயக் கொம்பு தந்த மகிழ்ச்சி, அது மெய். பராசக்தி என் சரக்கு. இரண்டு நிமிஷ மௌனம் எங்கிருந்தோ வந்தது. 'எனக்காகத் தொண்டையைக் கட்டினார்' என்று சொன்னது நான். இப்படிப் பிரித்துப் பார்ப்பது நம்பிக்கையின்மை என்று யாராவது சொன்னால், முதல் ஆறு மாசம் தலைகீழாகத்தான் தெரியும் என்று அப்பா சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொல்வேன்.

இன்னொன்றும் அந்தத் தியானத்தில்தான் கவனித்தேன். சூசையப்பருக்கு வந்த நான்கு கனவும் அடுத்த அடியை மட்டும்தான் சொல்கின்றன. எகிப்துக்குப் போ, நான் சொல்லும்வரை அங்கேயே இரு. எத்தனை வருஷம், எந்தத் தெரு, வேலை கிடைக்குமா, ஒன்றும் இல்லை. நான்காவது கனவோ இன்னும் வேடிக்கை. யூதேயாவில் யார் ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு அவரே பயந்து நிற்கிறார்; பயந்த பிறகுதான் கனவு வருகிறது, கலிலேயா பக்கம் திரும்புகிறார். அவருடைய பயத்தையும் ஒதுக்கிவிடாமல் வழிக்குள் சேர்த்துக்கொண்ட மாதிரி. இதை நினைக்கும்போது பாளையங்கோட்டைக் கவிஞர் கிருஷ்ண பிள்ளையும் ஞாபகம் வருவார். அவர் 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். பனியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலைத் தழுவிய அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல்தான் நூலாக வந்தது. நடுவில் 36 வருஷம். அவருக்கும் முழு வரைபடம் யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

1984-இல் மே முதல் தேதிக்கு மறுபடி நாடகம் கேட்டார்கள். தொழிலாளரான சூசையப்பர் திருநாள் அது. போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தியது. நான் பட்டறைக்குப் போனேன். பையன் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தான். சுருள் சுருளாகத் தேக்கு காலடியில் விழுந்தது.

"இந்தத் தடவை நீ பேசணும்" என்றேன்.

"அந்தப் பதினாலு பக்கமுமா?" அவன் முகத்தில் பயம்தான் தெரிந்தது.

"இல்ல. எகிப்துக்குப் போகிற ராத்திரி. சம்மனசு எழுப்பிட்டுப் போயிடுச்சு. நீ என்ன பேசுவே?"

அவன் இழைப்புளியை நிறுத்தவில்லை. சட்டத்தின் அந்த முனைவரை போய்த் திரும்பி வந்தான். "நடு ராத்திரியில ஊரை விட்டுப் போன்னா, நான் முதல்ல பையைத்தான் தேடுவேண்ணா. உளி, வாள், மட்டப்பலகை. அது இல்லாம போய் என்ன பண்றது?" கொஞ்சம் யோசித்தான். "மரிகிட்ட சொல்லணும்ல. 'புள்ளையை நீ தூக்கிக்கோ, உளிப் பையை நான் எடுத்துக்கிறேன். போற ஊர்ல போய் வேலை கேக்கணும்ல.' இவ்வளவுதான்ணா சொல்லுவேன். இதுக்கு மேல பேசிக்கினு நின்னா ஏரோது ஆளு வந்துடுவான்."

நான் எழுதிக்கொண்டேன். ஒரு எழுத்து மாற்றவில்லை.

மே முதல் தேதி மாலை, அந்த ஒரு வசனம்தான் அவனுக்கு. முன்பு போலவே இழைப்புச் சத்தம், சம்மனசு, பிறகு இருட்டில் அவன் குரல். நான் திரைக்குப் பின்னால் இருந்ததால் கூட்டத்தின் முகம் பார்க்கவில்லை. எனக்கு வயிறு குழைந்தது. 'போற ஊர்ல போய் வேலை கேக்கணும்' என்பதில் இருந்த நம்பிக்கையை என்னுடைய எந்தப் பாட்டிலும் நான் வைத்ததில்லை. நாடகம் முடிந்து அவன் அம்மா வந்தாள். "இவ்வளவுதானா பேச்சு?" என்றாள். பிறகு, மகன் தாடியைப் பிய்ப்பதைப் பார்த்தபடி, "போன வருஷத்துக்கு இது தேவலாம்" என்றாள்.

நோட்டீஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு அப்பாவின் அச்சகத்தில்தான் அடிக்கக் கொடுத்தோம். கையெழுத்துப் பிரதியில் நான் எழுதியிருந்தது 'கதை, வசனம், பாடல்கள்' என்று போட்டு என் பெயர் மட்டும். வீட்டில் சாப்பிடும்போது பட்டறைக் கதையை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரோஸ் தாளில் அடித்த நோட்டீஸ் கட்டு வந்தது. 'வசனம்' என்பதற்கு எதிரே என் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், பையனின் பெயரும் இருந்தது.

நேரே அச்சகத்துக்குப் போய், "யாருப்பா மாத்தச் சொன்னது?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்டேனா வெட்கத்தோடு கேட்டேனா, இப்போது ஞாபகமில்லை.

"நீ எழுதிக் கொடுத்ததுல ஒரு பேரு விட்டுப்போயிருந்துது" என்றார் அப்பா. "புரூஃப்ல பாத்தேன்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோட்டீஸ் அடித்து முடித்த பாரத்தைப் பிரித்து, எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்த எழுத்துகளைக் கலந்து கையில் அள்ளி, ஒவ்வொன்றாக அதனதன் அறையில் போட்டுக்கொண்டிருந்தார். யாருடையதோ கல்யாணப் பத்திரிகை, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்.